குடித்துப் பார்க்காத கிணறு

நெய்வேலி
3-2-1964

அம்சவல்லிக்கு,

இது அலுவல் காரணமாக எழுதும் கடிதம். அதற்கு மேல் இதில் எதையும் தேட வேண்டாம்.

குடும்பக் குவார்ட்டர்ஸில் குடும்பம் இல்லாமல் இருப்பவர்கள் மார்ச் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்து, தனி ஆட்கள் தங்கும் விடுதிக்குப் போய்விட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வெளியே வாடகைக்குக் கிடக்கிறார்களாம். நியாயம்தான். எனக்கு வரும்போது மட்டும் எல்லாமே நியாயமாகத்தான் வருகிறது.

வீடு ஒதுக்கும் பிரிவிலிருந்து சிங்காரவேல் என்ற எழுத்தர் பெரிய பதிவேடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வூட்டுல யாருங்க சார் இருக்காங்க?"

நான் இருக்கிறேன் என்றேன்.

"அது தெரியுதுங்க. சம்சாரம்னு ஒரு பேரு எழுதியிருக்கே, அவங்க?"

வைத்தியத்துக்காகத் திருவதிகையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்றேன்.

"நாலு வருசமாவா சார்? அம்மாம் பொறுமையான வைத்தியரு யாருங்க? எங்க அம்மாவுக்கு முட்டி வலி, இட்டுக்கினு போவலாம்னு கேக்கறன்."

அந்த ஆளுக்கு என்னைவிட இருபது வயது குறைவு. 

மார்ச் 30, திங்கட்கிழமை, வீடு வீடாகப் பார்வையிட வருகிறார்கள். நீ 28ஆம் தேதி வந்து 31 வரை இருந்தால் போதும். உள்ளறையை நீ எடுத்துக்கொள்ளலாம். நான் கூடத்தில் படுப்பேன். சமைக்க வேண்டியதில்லை. மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வருகிறது. 

ஒரே அறையில் மூன்று பேருடைய குறட்டையையும் பரமசிவத்தின் புகழையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன். பரமசிவத்தை உனக்கு நினைவிருக்காது. நான் தொழில் சொல்லிக் கொடுத்தவன். இப்போது எனக்கு மேலதிகாரி.

தெய்வசிகாமணி

*

திருவதிகை
8-2-1964

நெய்வேலி மனோதத்துவ ஆபீசருக்கு அம்சவல்லி எழுதுவது.

நான்கு வருடத்தில் உங்களிடமிருந்து வந்த முதல் கடிதம். அதுவும் ஒரு சுற்றறிக்கை.

சம்சாரம் வேஷம் கட்ட ஆள் வேண்டுமென்றால் மந்தாரக்குப்பத்துக்குக் கூத்துக்காரர்கள் வருவார்கள். அவர்களில் பெண் வேஷம் போடுகிறவர் ஒருவர் என்னைவிட லட்சணம். நான்கு நாள் இருந்துவிட்டுப் போவார். சமைக்கவும் சமைப்பார்.

அண்ணனுக்கு நீங்கள் போட்ட சைபரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அதைப் போட்ட கையால் எந்த அறையில் யார் படுப்பது என்று எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம்.

அம்சவல்லி

*

நெய்வேலி
12-2-1964

அம்சவல்லிக்கு,

உன் கார்டை எங்கள் பியூன் வெள்ளைச்சாமி கொண்டுவந்து கொடுத்தான். மேஜைமேல் வைக்கும்போதே, "சார், அந்தக் கூத்துக்காரரு நமக்குத் தெரிஞ்சவருதாங்க. சொல்லி வெக்கட்டுங்களா?" என்றான். இனிமேல் எழுதுவதானால் உறையில் போட்டு எழுது.

சைபரைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி நீ ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. இப்போது கேள்.

சுரங்கத்துக்கு நிலம் போனவர்களில் முப்பது பேரை இயந்திரப் பயிற்சிக்குத் தேர்வு செய்ய வேண்டியிருந்தது. மண் வெட்டும் அந்த இயந்திரத்தை நீ பார்த்திருக்கிறாய், ஒரு தெருவே எழுந்து நடப்பது போல இருக்கும். அதன் பக்கத்தில் நிற்பவன், கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. சொல்லப்பட்டதை ஏற்று, அதிலிருந்து அடுத்ததை ஊகிக்கத் தெரிய வேண்டும். அதைச் சோதிக்கும் கேள்விகள் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தன. பனிநாட்டில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இன்ன ஊர் பனிநாட்டில் இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம் என்பது போல. நம் ஆட்களுக்குக் கரடி எதற்கு என்று நான்தான் அதை மாற்றினேன். ஓர் ஊரில் எல்லாக் கிணறுகளிலும் உப்புத் தண்ணீர். மேலத்தெருக் கிணறு அந்த ஊரில் இருக்கிறது. அதன் தண்ணீர் எப்படி இருக்கும்?

உன் அண்ணனிடம் இதைப் படித்தேன். சடையப்பன் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எந்த ஊரு மாப்ள அது?"

ஏதோ ஓர் ஊர் என்றேன்.

"நா அந்தக் கெணத்துல குடிச்சிப் பாக்கலியே. இன்னான்னு சொல்லட்டும்?"

எல்லாக் கிணறும் உப்பு என்று சொல்லிவிட்டேனே என்றேன்.

"நீங்க சொல்றீங்க. அல்லா கெணத்துலியும் எறங்கிப் பாத்தது யாரு? ஒரே கொல்லையில ஒண்ணு உப்பா இருக்கும், பத்தடி தள்ளித் தோண்டனா கல்கண்டா இருக்கும். பாக்காதத சொல்லி, நாளைக்கி ஒருத்தன் என்ன நம்பி அங்க வூடு கட்டனான்னா?"

இப்படி ஆறு கேள்விகள். ஆறுக்கும் இதே பதில். விடைத்தாளில் இருந்தபடி ஆறும் தவறு. மற்றவர்கள் தங்கள் மைத்துனர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நாளில் நான் என் மைத்துனருக்கு உள்ளபடி மதிப்பெண் போட்டேன். அதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நீ ஒரு வார்த்தையும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனாய்.

மார்ச் 28ஐப் பற்றி மறுபடி யோசி.

தெய்வசிகாமணி

*

திருவதிகை
22-2-1964

தங்களுக்கு,

உறையில்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே இருப்பதை வெள்ளைச்சாமிக்குச் சொல்ல வேண்டுமானால் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தை அண்ணனுக்கு வாசித்தேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "மாப்ள கேட்டது அவுரு பக்கம் சரிதான். எனக்குத்தான் வாய் வரல," என்றார். இப்போது குத்தகைக்கு நிலம் எடுத்துக் கடலை போடுகிறார். மாணிக்கம்மாள் அண்ணிதான் விடாமல், "கரடின்னே கேட்டிருந்தா வெள்ளைன்னு சொல்லிட்டு வந்திருப்பாரு. கரடியப் பத்தி இவுருக்கு இன்னா தெரியும்? கெணறுன்னு கேட்டதாலதான் மாட்டிக்கினாரு," என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நீங்கள் எங்களுக்காக மாற்றியதுதான் எங்களைக் கெடுத்திருக்கிறது.

சைபருக்காக நான் இங்கே வந்துவிடவில்லை. அன்றைக்கு நீங்கள், "உன் வம்சத்துக்கே யோசிக்கத் தெரியாது," என்றீர்கள். பன்னிரண்டு வருடம் உங்களோடு இருந்தவளுக்கும் சேர்த்துத்தான் அந்த மார்க் என்று புரிந்தது. அப்படியும் நான் சொல்லாமல் வரவில்லை. ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு வந்தவளைப் புருஷன் வந்து அழைத்துப் போவதுதான் எங்கேயும் முறை. நீங்கள் வரவில்லை. முதல் மாதம் பண்ருட்டி பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். பிறகு அண்ணி, "வாசலு தேஞ்சிடப் போவுது," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்சவல்லி

*

நெய்வேலி
1-3-1964

அம்சவல்லிக்கு,

நான் சொன்னதாக நீ எழுதியிருக்கும் வாக்கியத்தை நான் சொல்லவில்லை. ஒரு வாரம் என்று நீயும் சொல்லவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை அப்படியே வைத்திருந்தேன். காரணம் இதுதான். சென்ற மாதம் பயிற்சி வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். பாடம் நடக்கும்போது வெள்ளைச்சாமி ஒரு தட்டோடு உள்ளே வந்து, முன்வரிசையில் ஒருவனோடு சண்டை போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடு. போனதும், பார்த்ததை எழுதுங்கள் என்றேன். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வெள்ளைச்சாமி அடித்தான் என்று எழுதியிருந்தார்கள். அவன் யாரையும் தொடவில்லை. ஒருவன், கூடவே ஒரு நாய் வந்தது என்று எழுதியிருந்தான். யாரும் பொய் சொல்லவில்லை. மனிதனுடைய நினைவு போட்டோ அல்ல. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதிதாகக் கட்டப்படுகிறது. அவரவருக்கு வேண்டிய செங்கல்லை அவரவர் வைத்துக் கட்டுகிறார்கள். இதை நான் பலகையில் எழுதிப் போடுகிறவன்.

வகுப்பில் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். அன்று நானும் குறிப்பு எழுதினேன். வெள்ளைச்சாமி கையை ஓங்கினான் என்று எழுதியிருந்தேன். ஏற்பாடு செய்ததே நான்.

ஆகவே ஒன்று செய்வோம். நீ போன அந்த மாலையை நீயும் எழுது, நானும் எழுதுகிறேன். மார்ச் 14ஆம் தேதி இருவரும் தபாலில் சேர்ப்போம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். சம்மதமானால் ஒரு கார்டு போடு. கார்டு போதும், வெள்ளைச்சாமி ஏமாந்துபோக வேண்டாம்.

தெய்வசிகாமணி

*

நெய்வேலி
14-3-1964

அம்சவல்லிக்கு,

உன் கார்டில் "சரி" என்று ஒரே வார்த்தை. அதை எழுதப் பத்து நாள்.

1960, மாசி மாதம், வியாழக்கிழமை. நான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அண்ணனுக்கு இல்லன்னு ஆயிடிச்சாமே. நீங்கதான் மார்க் போட்டீங்களா?" என்று கேட்டாய். ஆம் என்றேன். விளக்கினேன். நீ கேட்கவில்லை. உள்ளே போய் இரும்புப் பெட்டியை இழுத்தாய். தரையில் அது உராய்ந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. துணிகளை அடுக்கினாய். கத்தரிப்பூ நிறப் புடவைதான் உடுத்தியிருந்தாய், நான் சிதம்பரத்தில் வாங்கி வந்தது. பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு இறங்கினாய். நான் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டியோடு போகிறவள் திரும்பி வருவதற்காகப் போவதில்லை. நான் ஏன் வந்து கூப்பிடவில்லை என்று கேட்டிருந்தாய். அதுதான் காரணம்.

அந்தப் பஸ் அப்போது ஆறேகாலுக்குப் புறப்படும். இப்போது ஆறரை ஆக்கிவிட்டார்கள். ஓட்டுநரும் வேறு ஆள். ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள், நன்றாக இல்லை.

தெய்வசிகாமணி

*

திருவதிகை
14-3-1964

தங்களுக்கு,

அன்றைக்கு நீங்கள் மிகவும் களைத்துப்போய் வந்தீர்கள். நான் கொஞ்சம் பொறுத்துக் கேட்டிருக்கலாம். பொறுக்கவில்லை. "பாக்காதத பாத்தன்னு சொல்லாதவரு முட்டாளா?" என்று கத்தினேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வீரம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அப்போதுதான் வம்சத்தைப் பற்றிச் சொன்னீர்கள்.

துணிப்பையில் ஒரு மாற்றுப் புடவையும் சீப்பும் வைத்துக்கொண்டேன். அண்ணன் சுரங்கத்துக்குப் போன நிலத்தையும் கிடைக்காமல் போன வேலையையும் நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறார், ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் தெருமுனை தாண்டுவதற்குள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் வந்து பையை வாங்கிக்கொண்டீர்கள். மந்தாரக்குப்பம் வரைக்கும் ஒரு பேச்சில்லை. பஸ் கிளம்பியபோது என் பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே பத்து அடி நடந்தீர்கள். கண்டக்டர், "கைய எடுங்க சார், பண்ருட்டி வரிக்கும் ஓடியாரப் போறீங்களா?" என்றார். வண்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அந்தக் கையை நம்பித்தான் ஒரு மாதம் தெருவில் நின்றேன்.

இதில் எது நடந்தது, எது நாய் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். படித்தவர்.

அம்சவல்லி

*

நெய்வேலி
28-3-1964

அம்சா,

இரண்டு வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் அல்ல. முதல் நாள் கோபம்தான். நீ பொய் எழுதியிருக்கிறாய் என்று நிரூபிக்க உட்கார்ந்தேன்.

கூடத்து ஜன்னலுக்குக் கீழே நான்கு வருடமாகப் பழைய விடைத்தாள்களை அடுக்கி வைத்திருந்தேன். அதில் உன் அண்ணனுடைய தாள் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று ஒவ்வொரு கட்டாக இறக்கினேன். அடியில் இரும்புப் பெட்டி இருந்தது. நீ தூக்கிக்கொண்டு போன அதே பெட்டி. தினமும் அந்த அடுக்கின் மேல்தான் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். திறந்தேன். உன் எட்டாம் வகுப்புச் சான்றிதழ், ஐந்து புடவைகள். கத்தரிப்பூப் புடவை நான்காவதாக இருந்தது, மடிப்புக் கலையாமல்.

இதற்கு எங்கள் புத்தகங்களில் பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்து என்ன? இல்லாத பெட்டியை உன் கையில் கொடுத்து, அதிலிருந்து நீ திரும்ப வரமாட்டாய் என்று ஊகித்து, அந்த ஊகத்தின் மேல் நான்கு வருடம் உட்கார்ந்திருந்திருக்கிறேன். என் கேள்வித்தாளில் எனக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தது எனக்கு நினைவில்லை. எத்தனை முறை தேடியும் அகப்படவில்லை. நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவதாலேயே, இனி அது நினைவு வந்தாலும் நான் நம்ப முடியாது. நீ சொல்வதை நம்புவது ஒன்றுதான் எனக்கு வழி.

வம்சத்தைப் பற்றிச் சொன்னதும் நினைவில்லை. ஆனால் அது என் வாக்கியம்தான். நான் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது.

இன்னொன்று. சடையப்பனின் தாள் கிடைத்தது. நான்காவது கேள்விக்குப் பக்கத்தில், "நல்ல பதில்" என்று பென்சிலால் எழுதி அழித்திருக்கிறேன். அழித்த தடம் தெரிகிறது. பதில் நல்லது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. மைத்துனனுக்கு இரங்கினான் என்று பரமசிவம் சொல்லிவிடுவானோ என்ற பயத்தில் அழித்தேன். பிறகு அந்தப் பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்தேன். ஒரு தவற்றைச் செய்துவிட்டால் அதைச் சரி என்று காட்ட மனம் எவ்வளவு உழைக்கிறது என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். அண்ணனிடம் இதை நான் நேரில் சொல்ல வேண்டும்.

இன்று காலை வீட்டுச் சாவியைக் கொண்டுபோய் சிங்காரவேலிடம் கொடுத்துவிட்டேன். "திங்கக்கெழமதான சார் பாக்க வராங்க, அதுக்குள்ள ஏன்?" என்றார். அந்த வீடு கையில் இருக்கும்வரை நான் உன்னை வா என்று எப்படிக் கூப்பிட்டாலும் அது வீட்டுக்காகக் கூப்பிட்டதாகத்தான் இருக்கும். எனக்கே அதில் சந்தேகம் வரும். இப்போது காப்பாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. விடுதியில் நான்கு கட்டில் உள்ள அறை. உன் பெட்டி என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

வா, அம்சா.

வந்து அழைத்துப் போவதுதான் முறை என்று எழுதியிருந்தாய். ஞாயிறுகளிலும் நடக்கும் வகுப்புகள் முடிந்து ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஓய்வு. அன்று திருவதிகைக்கு வருகிறேன். நீ வர வேண்டாம் என்று நினைத்தால், அதற்குள் ஒரு கார்டு போட்டுவிடு. யார் படித்தாலும் பரவாயில்லை.

சிகாமணி

*

திருவதிகை
31-3-1964

என்னங்க,

நேற்று நான் நெய்வேலிக்கு வந்திருந்தேன்.

உங்கள் 14ஆம் தேதிக் கடிதத்தில் பெட்டியும் புடவையும் படித்து எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் கடைசியில் அந்தப் பஸ்ஸின் நேரமும் பச்சைக் கம்பியும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஏறிப் போகாத ஒரு பஸ்ஸை எதற்காக நின்று பார்க்கிறீர்கள்? அதை அண்ணனிடம் கேட்டேன். "என்ன ஏன் கேக்கற? பாத்தவர போயி கேளு," என்றார். அதனால் முதல் பஸ்ஸில் கிளம்பி, பார்வையிட வருகிறவர்களுக்கு முன்னால் வந்துவிட்டேன்.

வீடு பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்தேன். வீரம்மாள் என்னை அடையாளம் தெரியாமல், "யாரும்மா நீ? அது காலி வூடு," என்றாள். நான் யாரென்று சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். சிங்காரவேல் வந்து, நீங்களே சாவி கொடுத்ததைச் சொன்னார். "ரெண்டு நாள் பொறுத்திருந்தாருன்னா வூடு உங்குளுதும்மா," என்று அவருக்கே வருத்தம். விடுதி வாசலில் பெண்கள் உள்ளே போகக் கூடாது என்றார்கள். நீங்கள் வகுப்பில் இருப்பதாகவும், நாலு மணிக்கு வருவீர்கள் என்றும் சொன்னார்கள். அப்போது மணி பதினொன்று.

நான் காத்திருக்கவில்லை. வீட்டை விட்டவர் என்னையும் விட்டுவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஊகிக்கத் தெரியாது என்றீர்களே, எவ்வளவு நன்றாக ஊகித்தேன் பாருங்கள். வழியெல்லாம் கண்டக்டருக்குத் தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம் அரிசிப் பானை மூடிமேல் இருந்தது.

நாலு மணி வரைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன என்று நேற்றிலிருந்து என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். பென்சில் எழுத்தைப் பற்றி வந்தபோது அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு, "வரச் சொல்லு. சைபர் போட்ட கைதான, நல்லா கழுவிக்கினு சோத்துக்கு ஒக்காரச் சொல்லு," என்றார். அண்ணி கோழி பிடிக்க இப்போதே ஆள் பார்க்கிறாள்.

மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு ஓர் அறை பாருங்கள். சிறியதாக இருந்தாலும் சரி, தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

12ஆம் தேதி வேண்டாம். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். லீவுக் காகிதத்தில் காரணம் என்று ஓர் இடம் விட்டிருப்பார்களே, அங்கே காய்ச்சல், வயிற்றுவலி என்று எதையும் போடாமல், உள்ளதை எழுதிப் பரமசிவத்திடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அம்சா